ஏட்டில் மூன்று செட்

போன வாரம் எதிர் வீட்டுப் பிள்ளை வாசலில் வந்து நின்றான். "தாத்தா, சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு இருக்கா? சைக்கிள் பெல் கழண்டு தொங்குது" என்றான். என்னிடம் போய் இப்படிக் கேட்கிறானே என்று சிரித்துக்கொண்டே எழுந்தேன். லால்குடியில் எங்கள் தெருவுக்கு நான் இன்னும் 'ஸ்டோர்காரர்'தான். பட்டறையில் முப்பத்தாறு ஆண்டு டூல் ஸ்டோர் பார்த்தவன் நான்.

திண்ணை அலமாரியைப் பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தகரப் பெட்டியைப் பார்த்தேன். தையல் மிஷின் டிராயர், மோட்டார் சுவிட்சுக்கு மேலே உள்ள மாடம் எல்லாம் துழாவியாயிற்று. கால் மணி நேரம் ஆனது, கிடைக்கவில்லை. பையன் பெரிய மனுஷன் மாதிரி, "பரவாயில்ல தாத்தா, கத்தி முனையால திருப்பிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் முழுக்க எனக்கு மனசு ஆறவில்லை. ஆனால் அந்த ஸ்க்ரூடிரைவர் என்னை ஐம்பது வருஷம் பின்னால் கொண்டுபோய் விட்டது.

1965-இல் திருவெறும்பூரில் செக்கோஸ்லோவாக்கியா ஒத்துழைப்போடு பெல் கொதிகலன் ஆலை உற்பத்தியைத் தொடங்கியதும், அதை நம்பிச் சுற்று வட்டாரத்தில் எத்தனையோ சின்னப் பட்டறைகள் முளைத்தன. துவாக்குடிப் பக்கம் எங்கே திரும்பினாலும் வெல்டிங் வெளிச்சம்தான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்த நான் 1976-இல் அப்படி ஒரு பட்டறையில் சேர்ந்தேன். காலையில் லால்குடியில் மீட்டர் கேஜ் ரயில் ஏறினால் வாளாடி, உத்தமர்கோவில், கொள்ளிடம் பாலம், ஸ்ரீரங்கம், காவிரிப் பாலம் என்று போய் திருச்சி டவுன் ஸ்டேஷனில் இறங்குவேன். அங்கிருந்து துவாக்குடி பஸ். வயது இருபத்து மூன்று. சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு.

அந்தச் சிவப்புப் பேனாதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

நான் சேர்ந்தபோது டூல் ஸ்டோர் ஒரு குப்பைமேடு. டிரில் பிட்டும் ஸ்பானரும் ஒரே வாளியில் கிடக்கும். ஆளாளுக்கு உள்ளே வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். முதல் மாதமே கம்பி வலை அடித்து ஒரு ஜன்னல் மட்டும் வைத்தேன். பெரிய லெட்ஜர் போட்டேன். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பக்கம், வந்தது நீலத்தில், போனது சிவப்பில். அதோடு நிறுத்தியிருந்தால் பாதகமில்லை. "உடைத்தவர் பணம் கட்ட வேண்டும்" என்று ஒரு சட்டமும் கொண்டுவந்தேன். டேப் உடைந்தால் இவ்வளவு, ரீமர் உடைந்தால் இவ்வளவு என்று சம்பளத்தில் பிடித்தம். ஜன்னலுக்கு மேலே அதை அழகாக எழுதியும் ஒட்டினேன்.

பலன் உடனே தெரிந்தது. முதல் மாதம் ஏழு உருப்படி உடைந்ததாக ஏட்டில் ஏறியது. அடுத்த மாதம் இரண்டு. அதற்கப்புறம் மூன்று மாதம் ஒன்றுகூட இல்லை. முதலாளி லெட்ஜரைப் புரட்டிப் பார்த்து, "தம்பி வந்தப்புறம்தான் பட்டறைக்கு ஒழுங்கு வந்துச்சு" என்றார். நான் அன்றைக்கு ரயிலில் உட்காரவே இல்லை, நின்றுகொண்டே வந்தேன், அவ்வளவு மிதப்பு. இரும்பு அறுக்கிற இடத்தில் மூன்று மாதம் ஒரு டேப்புகூட உடையாமல் இருக்குமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கிற வயதா அது!

பிறகு அந்த ராத்திரி வந்தது. மறுநாள் காலை இன்ஸ்பெக்‌ஷன். ஒரு தடிப் பிளேட்டில் பதினாறு ஓட்டைக்கு எம்20 மரை போட வேண்டும். கையால் மரை போடும் டேப், செட்டுக்கு மூன்று வரும். முதல் டேப் நுனியில் நன்றாகச் சரிந்து ஓட்டைக்குள் வழி பிடிக்கும், இரண்டாவது வெட்டும், கடைசி டேப் அடி வரைக்கும் முடிக்கும். மூன்றும் இருந்தால்தான் செட். ஃபிட்டர் வந்து கேட்டதும் நான் லெட்ஜரைத் திறந்து, "எம்20, மூணு செட் இருக்கு" என்றேன். குரலில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

முதல் பெட்டியைத் திறந்தேன். முதல் டேப் இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு வேஸ்ட் சுற்றிய ஒரு துண்டு கிடந்தது. பிரித்தால் பாதி டேப். உடைந்த பாதியைக் கிரீஸ் தடவி, மேலே தெரியும்படி அழகாக வைத்திருந்தார்கள். இரண்டாவது பெட்டியில் மூன்றும் இருந்தன, ஆனால் விரலால் தடவிப் பார்த்தால் பல் மழுங்கி வழவழவென்று இருந்தது. மூன்றாவது பெட்டி காலி. ஏட்டில் மூன்று செட். கையில் ஒன்றும் இல்லை. மணி பத்தரை. டவுனில் எந்தக் கடையும் திறந்திருக்காது.

அங்கே ஒரு மேஸ்திரி இருந்தார். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ரிட்டயராகி எங்களிடம் வந்தவர். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை 1920-களின் கடைசியில் பொன்மலைக்கு வந்ததிலிருந்து அவர் குடும்பமும் அங்கேதானாம். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் தன் லாக்கரைத் திறந்து, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார். புத்தம் புதிதாக ஒரு எம்20 செட். பொட்டலத்துக்குள் இரண்டு சூடக் கட்டி. துருப் பிடிக்காமல் இருக்க அந்தக் காலத்து ஆட்கள் செய்கிற வேலை அது.

எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை, கோபம்தான் வந்தது. "ஏண்ணே, ஸ்டோர் சாமானை நீங்க எப்படி லாக்கர்ல வச்சுக்கலாம்? மூணாவது பெட்டி இதுதானே?"

அவர் நிதானமாகச் சொன்னார்: "இதுதான் தம்பி. உங்க ஸ்டோர்ல இருந்திருந்தா இன்னிக்கு இது இருந்திருக்குமா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரே டேப்பை எடுத்துக்கொண்டு பிளேட்டுக்குப் போனார். நான் எண்ணெய் விட்டேன். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே திருப்பும்போதுதான் சீவல் உடைந்து விழும். அவசரப்பட்டு முன்னே மட்டும் திருப்புகிறவன் கையில்தான் டேப் உடையும். பதினாறு ஓட்டையும் முடிய விடிகாலை மூன்றாயிற்று. ஆறாவது ஓட்டையில் நிறுத்தி, "தம்பி, உடைஞ்சுதே அந்த டேப், ஏன் உடைஞ்சுச்சு தெரியுமா?" என்று கேட்டார். "பையன் முரட்டுத்தனமா திருப்பியிருப்பான்" என்றேன்.

"இல்ல. எம்20 மரைக்குப் பதினேழரை எம்எம் ஓட்டை போடணும். அன்னிக்கு உங்க ஜன்னல்ல வந்து பதினேழரை பிட்டு கேட்டான். இல்லைன்னீங்க. அவன் பதினேழுல போட்டான். அரை எம்எம் சின்ன ஓட்டையில டேப்பை விட்டா எந்த டேப்பு தாங்கும்? உடைஞ்சதுக்கு அவன் சம்பளத்துல பிடிச்சா, பிட்டு வாங்கி வைக்காததுக்கு யார் சம்பளத்துல பிடிக்கிறது?"

ஸ்டோரில் ஒரு பொருள் இல்லாததால்தான் இன்னொரு பொருள் உடைந்தது. உடைந்த டேப் என் ஜன்னலுக்கு வந்திருந்தால் அந்தச் சேதியை என்னிடம் சொல்லியிருக்கும். அபராதம் போட்டு அதன் வாயை நான்தான் அடைத்துவிட்டேன். மூன்று மாதம் யாரும் எதையும் உடைக்காமல் இல்லை, என்னிடம் வந்து சொல்லாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். அதோடு, ஸ்டோரை நம்ப முடியாது என்று ஆனதும் ஆளாளுக்கு நல்ல சாமானாகப் பார்த்து லாக்கரில் ஒளித்தார்கள். ஒளிக்க ஒளிக்க ஸ்டோரில் குறையும். குறையக் குறைய இன்னும் ஒளிப்பார்கள். பஞ்ச காலத்தில் ஊரில் நெல் மறைவது மாதிரி.

காலையில் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்ததும் மேஸ்திரி ஒரு யோசனை சொன்னார். ஜன்னலுக்கு மேலே ஒட்டியிருந்த சட்டத்தை நானே கிழித்தேன். ஸ்டோர் வாசலில் ஒரு கள்ளிப்பெட்டியை வைத்தேன். "யாரிடம் எது இருந்தாலும் போடலாம். உடைந்ததும் போடலாம். யார் போட்டது என்று கேட்க மாட்டோம்" என்று அட்டையில் எழுதி, ராத்திரி அந்த மூலை விளக்கை அணைத்துவிட்டோம். முதல் நாள் ஒன்றும் விழவில்லை. இரண்டாம் நாள் ஒரு உடைந்த ரீமர். மூன்றாம் நாள் காலை வந்து பார்த்தால் பெட்டி வழிந்துகொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று. டிரில் பிட், ஹேக்ஸா பிரேம், ரிங் ஸ்பானர், ஒரு வெர்னியர்கூட இருந்தது.

மறுநாள் நாற்பத்திரண்டாவதும் வந்தது. அதைச் சொல்லத்தான் எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

பெட்டி வழிந்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இந்தக் கதையை அளந்துகொண்டிருந்தேன். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப மோட்டார் கொட்டாயில கிடக்கிற பெரிய ரெஞ்சையும் கொண்டு போயிடு" என்றார். கோடையில் வாய்க்காலில் தண்ணீர் நின்றபோது, எங்கள் போர் பைப்பைக் கழற்ற பட்டறையிலிருந்து பதினெட்டு அங்குல பைப் ரெஞ்சை நான்தான் எடுத்து வந்திருந்தேன். 'ரெண்டே நாள்' என்று நினைத்து எடுத்தது, ஆறு மாதமாக வாழைக்கட்டைக்கு நடுவே கிடந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் சீட்டு எழுதிய நான் எனக்கு ஒரு சீட்டு எழுதிக்கொள்ளவில்லை. மறுநாள் மஞ்சப்பையில் அதைச் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பாத்திரக்கடை சாமானா என்று பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார். விடியலில் யாரும் வருவதற்கு முன்னே கள்ளிப்பெட்டியில் போட்டுவிட்டேன். மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. கேட்க மாட்டோம் என்று எழுதியிருந்தோமே!

அதற்கப்புறம்தான் ஸ்டோர் ஸ்டோராயிற்று. பெரிய பட்டறைகளில் நடைமுறையில் இருந்த டோக்கன் முறையை மேஸ்திரி சொல்லிக் கொடுத்தார். ஆளுக்கு ஐந்து பித்தளை வில்லை, ஒவ்வொன்றிலும் அவர் நம்பர் அடித்திருக்கும். சாமான் வாங்கும்போது வில்லையைக் கொடுக்க வேண்டும். சாமான் இருந்த ஆணியில் அந்த வில்லையை மாட்டுவோம். பலகையைப் பார்த்தாலே எது எவரிடம் என்று தெரியும், லெட்ஜரைப் புரட்ட வேண்டியதில்லை. ஸ்பானருக்கெல்லாம் பலகையில் அதனதன் உருவத்தைப் பெயின்டால் வரைந்தோம். மாலையில் உருவம் மட்டும் தெரிந்தால் சாமான் வரவில்லை என்று அர்த்தம். இப்போது விமானம் பழுது பார்க்கும் இடங்களில் இதே மாதிரி உருவம் வெட்டிய தட்டுகள் வைத்திருக்கிறார்கள். ஒரு ஸ்பானர் குறைந்தாலும் அது கிடைக்கும்வரை விமானத்தை விட மாட்டார்கள். ஆபரேஷன் தியேட்டரிலும் தையல் போடும் முன் கத்தரியையும் பஞ்சையும் எண்ணுகிறார்கள் இல்லையா, அதே கதைதான்.

சிவப்புப் பேனாவுக்குப் பதில் சிவப்பு நூல் வந்தது. மழுங்கியதோ உடைந்ததோ, அதில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிக் கொடுத்தால் போதும். நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்த வேலையில ஆச்சு?" அந்தப் பதிலை மட்டும் எழுதி வைப்பேன். சனிக்கிழமை உட்கார்ந்து டிரில் பிட்டுக்குச் சாணை பிடிப்போம், 118 டிகிரி கோணம், இரண்டு உதடும் ஒரே நீளம். 1977 நவம்பரில் திருச்சியே வெள்ளத்தில் மிதந்தபோது எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒழுகி, அடித்தட்டுச் சாமானெல்லாம் துரு ஏறியது. அந்த அனுபவத்தில் அடித்தட்டை அரை ஆள் உயரத்துக்குத் தூக்கினோம். மைக்ரோமீட்டரை இறுக மூடி வைக்கக் கூடாது, மயிரிழை இடைவெளி விட வேண்டும். டார்க் ரெஞ்சை வைக்கும்போது ஸ்பிரிங்கைக் குறைந்த அளவுக்குத் தளர்த்திவிட வேண்டும். கிரைண்டிங் வீலில் நடு வளையத்தில் தேதி அடித்திருக்கும், பழசை முதலில் கொடுக்க வேண்டும். ஈரம் குடித்துத் தேதி கடந்த வீல் சுழலும்போது சிதறினால் அது உயிர்ச் சேதம். அலமாரியில் கண்ணுக்குத் தெரிகிற எல்லாமே 'இருக்கிறது' என்று ஆகாது. எடுத்த உடனே வேலை செய்தால்தான் அது இருப்பு.

எவ்வளவு வாங்கி வைப்பது என்பது அடுத்த தலைவலி. நிறைய வாங்கினால், "பணம் அலமாரியில தூங்குது" என்பார் முதலாளி. குறைய வாங்கினால் பதினேழரைக்குப் பதில் பதினேழு. இதற்கு எனக்கு வழி காட்டியது எங்கள் அப்பாயி. லால்குடி வீட்டில் அப்பாயிக்கு இரண்டு அரிசிப் பானை. முதல் பானை காலியாகி இரண்டாவதில் கை வைக்கிற அன்றே, "நெல்லை அவிச்சுப் போடணும்டா" என்று குரல் வரும். அவித்து, காயவைத்து, மில்லுக்குப் போய் வர ஆகிற நாளுக்கு இரண்டாவது பானை தாங்கும். குதிருக்குப் பக்கத்தில் விதைநெல் கோட்டை தனியாக இருக்கும். வீட்டில் உலை ஏறாவிட்டாலும் அதைத் தொட விட மாட்டாள்.

அதையே ஸ்டோருக்குக் கொண்டுவந்தேன். எம்20 டேப் வாரத்துக்கு ஒரு செட் தேய்கிறது. மெட்ராஸுக்கு எழுதினால் வந்து சேர இரண்டு வாரம். அப்படியானால் அந்த இரண்டு வாரத்துக்கு இரண்டு செட், விதைநெல்லாக ஒன்று, ஆக மூன்று செட் மிச்சம் இருக்கும்போதே ஆர்டர் எழுதிவிட வேண்டும். தீர்ந்தபின் எழுதுகிறவன் ஸ்டோர்காரன் இல்லை. விதைநெல் செட்டை நூலால் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, மேஸ்திரி கையெழுத்து இல்லாமல் பிரிக்கக் கூடாது என்று வைத்தேன். பல வருஷம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில், இதற்கு 'இரட்டைப் பெட்டி முறை' என்று பெயர் உண்டு, ஹாரிஸ் என்ற அமெரிக்கர் 1913-லேயே எவ்வளவு வாங்கினால் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார் என்றெல்லாம் பலகையில் எழுதிக் காட்டினார்கள். நான் கடைசி பெஞ்சில் அப்பாயியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பானையும் வில்லையும் பாதிதான். மீதிப் பாதி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் முகம். ஒருநாள் அப்ரெண்டிஸ் பையன் ஒருவன், மீசை முளைக்காத பிள்ளை, கண் கலங்க வந்து நின்றான். கையில் சிவப்பு நூல் கட்டிய டேப். புத்தம் புதுசு, அன்றைக்குத்தான் பிரித்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. நல்ல வேளை, வாயைத் திறக்கும் முன் மேஸ்திரி ஞாபகம் வந்தது. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. "எந்த வேலையிலடா ஆச்சு?" என்று மட்டும் கேட்டேன். சொன்னான். அதிலிருந்துதான் ஒரு டிரில்லிங் மிஷினில் ஓட்டை சாய்வாக விழுகிறது என்று கண்டுபிடித்தோம். அவன் ஒளித்திருந்தால் இன்னும் பத்து டேப் போயிருக்கும்.

இப்போது பெரிய கம்பெனிகளில் டூல் கொடுக்கவே மிஷின் வைத்திருக்கிறார்களாம். கார்டைக் காட்டினால் டிராயர் திறக்கும், குறைந்தால் அதுவே ஆர்டர் போட்டுவிடும். நல்லதுதான். ஆனால் உடைந்த டேப்பைப் பஞ்சில் சுற்றி வைக்கிற கை அந்த மிஷின் முன்னாலும் இருக்கும். பயந்தவன் கொடுக்கிற கணக்கு எந்த மிஷினில் ஏறினாலும் பொய்க் கணக்குதான்.

இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து அசைபோட்டுக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலம், என் வீட்டுக்காரி அடுக்களையிலிருந்து வந்தாள். கையில் ஸ்க்ரூடிரைவர்.

"ஏங்க, இதைத்தானே தேடினீங்க? பருப்பு டப்பாவுக்குப் பின்னாடி இருந்துச்சு."

வாங்கிப் பார்த்தேன். முனை உடைந்திருந்தது.

"குக்கர் கைப்பிடி முறுக்கப் போயி, போன மாசமே உடைஞ்சிடுச்சு. சொன்னா கத்துவீங்கன்னு…" என்று இழுத்தாள்.

முப்பத்தாறு வருஷம் பட்டறையில் கற்றுக்கொண்டதை வாசற்படிக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் போலிருக்கிறது. மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் இரண்டு ஸ்க்ரூடிரைவர் வாங்கினேன். ஒன்று எதிர் வீட்டுப் பிள்ளைக்கு. இன்னொன்றுக்கு அடுக்களையிலேயே ஓர் ஆணி அடித்து மாட்டி, சுவரில் பென்சிலால் அதன் உருவத்தை வரைந்தேன். பக்கத்தில் ஒரு சிவப்பு நூல்கண்டும் தொங்கவிட்டிருக்கிறேன். அது எதற்கு என்று அவள் கேட்டாள். சொன்னேன். இந்தக் கதையை, அந்தப் பைப் ரெஞ்ச் உட்பட, அவளிடம் முழுசாகச் சொன்னது அன்றைக்குத்தான்.